கீழடியின் வயதும் கார்பன் பீடபூமியும்

"கீழடிக்குக் கி.மு. 580 என்று எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் வந்த எண் அது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி, அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகத்தில் அளக்கப்பட்டது. ஆய்வகம் அளந்தது ஆண்டை அல்ல, மிச்சமிருந்த கார்பன்-14ஐ. அந்த மிச்சத்திலிருந்து ஆண்டுக்கு வந்துசேரும் வழிதான் விஷயமே. நம் தலைப்புச் செய்திகள் அந்த வழியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

வில்லார்ட் லிபி 1949இல் கார்பன்-14 வைத்து வயது கணிக்கும் முறையைக் கொண்டுவந்ததும், 1960இல் நோபல் பெற்றதும் பலருக்கும் தெரிந்த கதை. காற்றில் கார்பன்-14 எக்காலமும் ஒரே அளவுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அது சரியில்லை என்று மர வளையங்கள் பின்னால் காட்டிக்கொடுத்தன. அதனால் இன்று எந்த அளவீட்டையும், மிச்சம் காட்டும் கார்பன் வயதை உண்மையான ஆண்டோடு பொருத்திக் காட்டும் ஒரு திருத்த வளைகோட்டில் வைத்துத்தான் படிக்கிறார்கள். 2020இல் வந்த இன்ட்கால்20 அப்படி ஒன்று.

அந்தக் கோடு கி.மு. 800 வாக்கில் செங்குத்தாக இறங்கி, பிறகு கி.மு. 400 வரை ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. இதற்கு ஹால்ஸ்டாட் பீடபூமி என்று பெயர்.

ஏன் படுக்கிறது? தெருக்குழாயில் வரிசையாகத் தண்ணீர் பிடிக்கிறார்கள். எல்லார் குடத்திலும் ஒரே மாதிரி ஓட்டை. குழாயை விட்டு நகர்ந்ததும் ஒழுகத் தொடங்கும். எல்லாரும் கழுத்துவரை பிடித்திருந்தால், மிச்சத்தைப் பார்த்தே யார் எப்போது பிடித்தார் என்று சொல்லிவிடலாம். ஆனால் முதல் ஆளுக்குத்தான் கழுத்துவரை கிடைத்தது. குழாயில் வேகம் குறையக் குறைய, அடுத்தடுத்து வந்தவர்களுக்கு விரற்கடை விரற்கடையாகக் குறைந்தது. முதல் குடம் அதிக நேரம் ஒழுகியிருக்கிறது, கடைசிக் குடம் கொஞ்ச நேரம். நண்பகலில் அளந்தால் எல்லாக் குடத்திலும் ஒரே மட்டம்! குழாய்தான் காற்று. குடம், காற்றிலிருந்து கார்பன்-14 எடுத்த உயிர். ஒழுகுவது, அது இறந்தபின் நடக்கும் சிதைவு.

குழாயின் வேகத்தைக் குறைத்தது சூரியன். கி.மு. 800ஐ ஒட்டிச் சூரியன் அடங்கிக் கிடந்தது. அதன் காந்தப் புலம் தளர்ந்ததால் அண்டக்கதிர்கள் அதிகம் புகுந்தன. அவை உண்டாக்கும் கார்பன்-14 காற்றில் ஏறியது. பிறகு சூரியன் தேறியது, அளவு நூற்றாண்டுக்கணக்கில் இறங்கியது. அந்த இறக்கமும் கார்பன்-14 சிதையும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துபோனது என்ன ஒரு பொருத்தம்!

விளைவைப் பாருங்கள். ஒரு கரித்துண்டின் கார்பன் வயது 2450, கூட்டிக் கழித்து 30 என்று வந்தால், அது கி.மு. 755க்கும் 410க்கும் இடையே எங்கும் இருக்கலாம். அதைவிடப் பழைய 2600 வந்தாலோ, கி.மு. 800ஐ ஒட்டிய ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். கி.மு. 580 பீடபூமியின் நட்டநடுவில் விழுகிறது. எல்லையைச் சொல்லாமல் அந்த ஒற்றை எண்ணை மட்டும் கொண்டாடுவது கீழடிக்குப் பெருமை சேர்க்காது.

தப்பிக்க வழி இருக்கிறது. மட்டம் ஒன்றாக இருந்தால் என்ன, வரிசையில் யாருக்குப் பின்னால் யார் நின்றார் என்று தெரியுமே! அகழாய்வில் அந்த வரிசைதான் மண்ணடுக்கு. கீழே இருப்பது முந்தியது. அடுக்கடுக்காகப் பல மாதிரிகளை அளந்து, இந்த ஒழுங்கையும் கணக்கில் சேர்த்தால், ஒத்துவராத ஆண்டுகள் தாமாகவே உதிர்ந்துவிடும். பேயஸ் புள்ளியியல் செய்யும் வேலை இது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் பிராங்க் ராம்சே உருவாக்கிய ஆக்ஸ்கால் மென்பொருளை மாணவர்கள் இலவசமாகவே பயன்படுத்தலாம். இங்கிலாந்தின் வெஸ்ட் கென்னட் கல்லறையில் ஆயிரம் ஆண்டு பிணம் புதைத்தார்கள் என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இந்தக் கணக்கு வந்தபின், முதற்கட்டப் புதைப்பு சில பத்தாண்டுகளிலேயே முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

ஆனால் கணினிக்கு வரிசையைச் சொல்பவர் குழியில் நிற்கும் ஆள். ஓர் எலி வளை, பின்னாளில் வெட்டிய ஒரு குழி போதும், அடிக்கரி மேலே வந்துவிடும். கரியிலும் சிக்கல் உண்டு: பெருமரத்தின் வைரம் பாய்ந்த பகுதி, மரம் வெட்டப்படுவதற்கு நூறு ஆண்டு முன்பே வளர்ந்து நின்றிருக்கலாம். நெல்மணிக்கு அந்தத் தொல்லை இல்லை. அது ஒரே போகத்தில் விளைந்தது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லைக் கொண்டு கி.மு. 1155 என்று கணித்தது அந்த வகையில் நல்ல தேர்வு. கீழடியிலும் ஒரே குழியில், அடுக்குக்கு இரண்டு மூன்று என்று கருகிய தானியங்களைப் பொறுக்கி அளந்தால் 580ஐச் சுற்றியுள்ள இடைவெளி சுருங்கும்.