பின் சக்கரத்துக்கு ஏன் 40 கம்பி?

1991-இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பார் வைத்த ஆண்கள் சைக்கிளைச் சிலர் விரும்பியே எடுத்தார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம், கேரியரில் குடத்தைக் கட்டலாம். இத்தனை பாரத்தை மெல்லிய போக்ஸ் கம்பி எப்படித் தாங்குகிறது?

கம்பி தூண் மாதிரி நின்று தாங்குவதில்லை. எல்லாக் கம்பிகளும் ஹப்பிலிருந்து ரிம்மை முன்கூட்டியே இழுத்துப் பிடித்திருக்கின்றன. பாரம் ஏறினால் தரைப்பக்கக் கம்பிகளில் அந்த இழுவிசை கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். அது அடியோடு தளராதவரை சக்கரம் உறுதியாக நிற்கும். பின் சக்கரத்தில் பாரம் அதிகம். செயினின் இழுப்பும் அதன் மேல்தான். அதனால்தான் பழைய சைக்கிளில் முன்னே 32, பின்னே 40. கம்பிகளைச் சாய்த்துக் குறுக்கும் மறுக்குமாகக் கோப்பது, ஹப்பின் முறுக்கை ரிம்முக்குக் கடத்தத்தான்.

இன்று அறந்தாங்கியில் ஒருவர் தனக்கென ரோடு பைக் கட்டினால், 20 கம்பிப் பந்தய வீலைவிட 32 கம்பி வீலையே சொல்வேன். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை ரிம்மை ஓரளவு நேராக வைத்திருக்கும். கட்டுமாவடி சாலையில் பாதி வழியில் நிற்க வேண்டியதில்லை. ஹப் வாங்கும்முன் அச்சை விரலால் சுழற்றிப் பாருங்கள்: கரகரப்பு இருக்கக் கூடாது, பக்கவாட்டில் ஆடவும் கூடாது.