பேக்கப் இருக்கிறது என்பது போதாது: இணையதளத்தைப் பாதுகாப்பதும் மீட்பதும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பின் எங்கள் தளத்தைத் திறந்தோம். வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. முந்தைய இரவு 11 மணி அளவில் தளத்தின் மென்பொருள் ஒன்றைப் புதுப்பித்திருந்தோம். அதில் ஏதோ சிறு கோளாறு என்று நினைத்துத்தான் ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தொடர்பு கொண்டோம். "உங்கள் டேட்டாபேஸ் காலியாக இருக்கிறது. எங்களிடம் ஒரு நாள் பேக்கப் மட்டும்தான் இருக்கும். அதுவும் காலியாகவே இருக்கிறது" என்றார்கள்.

அவர்களுடைய பேக்கப் இரவு 2 மணிக்கு எடுக்கப்பட்டிருந்தது. அதற்குள் டேட்டாபேஸ் காலியாகிவிட்டது. காலியானதை அப்படியே நகலெடுத்து, முந்தைய நாளின் நல்ல பிரதியை அழித்துவிட்டு அந்த இடத்தில் வைத்திருக்கிறது அந்த ஏற்பாடு.

எங்கள் மடிக்கணினியில் ஒரு பிரதி இருந்தது. நான்கு மாதம் பழையது. அதை ஏற்றியபோது தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. அதைச் சரி செய்யவே இரண்டு நாட்கள் ஆயிற்று. நான்கு மாதப் பதிவுகள் போனது போனதுதான்.

செய்திகளை மீண்டும் எழுதிக்கொள்ளலாம் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். மறு வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரர் அழைத்தார். அந்த நான்கு மாதத்திற்குள்தான் அவருடைய வாப்பா வஃபாத்தானார்கள். விடுமுறை கிடைக்காமல் ஜனாஸாவுக்கு அவரால் வர முடியவில்லை. வஃபாத் அறிவிப்பின் கீழே பல ஊர்களிலிருந்து துஆ செய்து பலர் எழுதியிருந்ததை அவர் அடிக்கடி எடுத்துப் படிப்பாராம். "அந்தப் பக்கம் மட்டுமாவது கிடைக்குமா காக்கா?" என்று கேட்டார். அறிவிப்பின் வாசகம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது. துஆக்கள் கிடைக்கவில்லை.

ஜமாஅத், மதரஸா, பள்ளிக்கூடம், நலச்சங்கம், சிறு வியாபாரம் என்று இன்று நம்மில் பலர் தளம் நடத்துகிறோம். அந்தச் சகோதரருக்கு நாங்கள் சொன்ன பதிலை வேறு யாரும் சொல்ல நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

ஒரு தளத்தில் இருப்பவை

தளம் என்பது இரண்டு பாகம். ஒன்று கோப்புகள்: படங்கள், தளத்தின் வடிவமைப்பு, கூடுதல் வசதிக்கான பிளகின்கள். மற்றொன்று டேட்டாபேஸ்: எழுதிய கட்டுரைகள், வாசகர் எழுதியவை, பயனர் கணக்குகள், அமைப்புகள். பல தளங்கள் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ்ஸில் எழுத்து எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும்; படங்கள் கோப்புறையில் இருக்கும்.

பலர் கோப்புறையை மட்டும் இறக்கிவைத்துவிட்டு பேக்கப் எடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதில் ஒரு கட்டுரைகூட இருக்காது. டேட்டாபேஸை மட்டும் எடுத்தால் கட்டுரைகள் வரும், படங்கள் வராது. இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் வைத்தால்

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுவதுமாக எரிந்துபோனது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி சேதமானது. லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. வேறு ஊரில் பிரதி வைத்திருந்தவர்கள் வேறு சர்வரில் தளத்தை எழுப்பிக்கொண்டார்கள். தளமும் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களில் பலருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

'நம்முடையது கிளவுடில் இருக்கிறது' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தக் கிளவுடும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், மின்சாரத்தில் ஓடும் இயந்திரம்தான்.

இதற்காகத்தான் கணினித் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்தம் 3 பிரதிகள். 2 வகையான சேமிப்பில். அவற்றில் 1 வேறு இடத்தில். ஓடிக்கொண்டிருக்கும் தளம் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று, வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கில் ஒன்று. சிறிய தளத்துக்கு இதுவே போதும். ஹார்டு டிஸ்கை நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் கணினியில் இணையுங்கள். எப்போதும் இணைத்தே வைத்திருந்தால், கணினியைத் தாக்கும் வைரஸ் அதையும் தாக்கும்.

எடுத்தும் கிடைக்காத பேக்கப்

2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் என்ற தளத்தில் ஓர் இஞ்சினியர் இரவில் கோளாறு ஒன்றைச் சரி செய்துகொண்டிருந்தார். துணை சர்வரில் அழிக்க வேண்டியதைத் தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சில நொடிகளில் தவறு தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். அன்றாடம் எடுக்கும் பேக்கப், மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் ஓடாமலே இருந்திருக்கிறது. அது தோல்வியடைவதாகச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. ஐந்து வகை ஏற்பாடுகள் வைத்திருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக அறிவித்தார்கள். அதே இஞ்சினியர் சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு ஒரு வேலைக்காக எடுத்திருந்த பிரதிதான் கடைசியில் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்தவை திரும்பவில்லை.

அனுபவமுள்ளவர்கள் நடத்தும் பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், வேலை போக மிச்ச நேரத்தில் தளம் நடத்தும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறையாவது திறந்து, ஏற்றி, ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

எடுப்பது எப்படி?

வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின் ஒன்றை நிறுவி, கூகுள் டிரைவுடன் இணைத்துவிடலாம். இலவசப் பதிப்பிலேயே நேரம் குறித்துத் தானாக எடுக்கும் வசதி இருக்கிறது. தினமும் செய்தி போடும் தளம் என்றால் டேட்டாபேஸை நாள்தோறும், கோப்புகளை வாரம் ஒரு முறை எடுக்கலாம். மாதம் ஒரு செய்தி போடும் மதரஸா தளத்துக்கு வாரம் ஒரு முறை போதும். 'இத்தனை நாள் வேலை போனால் பரவாயில்லை' என்று எவ்வளவு சொல்வீர்களோ, அதுதான் இடைவெளி.

பிளகின் வேண்டாம் என்றால் சிபேனல் வழியாகக் கையாலும் எடுக்கலாம். ஃபைல் மேனேஜரில் தளத்தின் கோப்புறையைச் சுருக்கி இறக்கிக்கொள்ளுங்கள். பிஎச்பிமைஅட்மினில் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் எஸ்க்யூஎல் கோப்பு ஒன்று கிடைக்கும்.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, பழைய பிரதிகளையும் வைத்திருங்கள். தளத்துக்குள் யாராவது ஊடுருவினால் அது வாரங்கள் கழித்தே தெரியவரலாம். அதற்குள் புதிய பேக்கப்புகளிலும் அந்த விஷம் ஏறியிருக்கும். கடைசி ஏழு நாள், கடைசி நான்கு வாரம், கடைசி சில மாதம் என்று அடுக்கி வையுங்கள். எங்களுக்கு நடந்தது இது இல்லாததால்தான்.

இரண்டு, பேக்கப் கோப்பைத் தளத்தின் பொதுக் கோப்புறையிலேயே விட்டுவிடாதீர்கள். முகவரியை ஊகித்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இருக்கும். அது நம்மிடம் உள்ள அமானிதம்.

மூன்று, டேட்டாபேஸின் எழுத்து முறை யூடிஎஃப்-8 வகையில் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவையுங்கள். எங்கள் பிரதியில் எழுத்துகள் சரியாகவே இருந்தன. ஏற்றுவதற்காக உருவாக்கிய புதிய டேட்டாபேஸில் வேறு முறையைத் தேர்ந்தெடுத்ததால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியானது. ஆங்கிலத் தளங்களில் இந்தக் கோளாறு பெரும்பாலும் கண்ணில் படாது. நமக்கு முழுப் பக்கமும் போய்விடும்.

மீட்பது எப்படி?

முதலில் பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள். கெட்டுப்போன தளத்தையும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பிறகு இந்த வரிசையில் செல்லுங்கள்:

1. யூடிஎஃப்-8 முறையில் புதிய காலி டேட்டாபேஸ் ஒன்றையும் அதற்கு ஒரு பயனரையும் உருவாக்குங்கள்.

2. பிஎச்பிமைஅட்மினில் 'இம்போர்ட்' வழியாக எஸ்க்யூஎல் கோப்பை ஏற்றுங்கள். கோப்பு பெரிதாக இருந்தால் ஏற்றுவது பாதியில் நிற்கலாம். அப்போது ஹோஸ்டிங் நிறுவனத்திடமே ஏற்றித் தரச் சொல்லலாம்.

3. கோப்புகளைப் பழைய இடத்தில் ஏற்றுங்கள்.

4. வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் கோப்பில் புதிய டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு ஆகியவற்றை மாற்றுங்கள்.

5. மிகப் பழைய கட்டுரை ஒன்று, கடைசிக் கட்டுரை, பழைய படங்கள் சில ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். தமிழ் சரியாக வருகிறதா, லாகின் ஆக முடிகிறதா என்று பாருங்கள்.

6. யாரோ ஊடுருவியதால் கெட்டது என்றால் எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றி, மென்பொருள்களைப் புதுப்பித்த பிறகே வாசகர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

இதை ஆபத்து வரும்போது முதல் முறையாகச் செய்யாதீர்கள். சொந்தக் கணினியிலோ ஒரு துணை முகவரியிலோ இப்போதே ஒத்திகை பாருங்கள். ஓடும் தளத்தின் மேல் மட்டும் ஒத்திகை வேண்டாம். வேர்ட்பிரஸ் தன் முகவரியை டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்திருக்கும். ஒத்திகைப் பிரதியில் அதை மாற்றாவிட்டால் அது உங்களை அசல் தளத்துக்கே கொண்டுபோய்விடும்.

எந்தப் பிரதியும் இல்லாதவர்கள் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தங்கள் தள முகவரியைத் தேடிப் பார்க்கலாம். சில பக்கங்கள் கிடைக்கலாம். எல்லாம் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

சாவி யாரிடம்?

நம் அமைப்புகளில் தளம் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஓர் இளைஞரின் பொறுப்பில் இருக்கும். டொமைனும் அவர் மின்னஞ்சலில்தான் பதிவாகியிருக்கும். அவர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டால் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு யார் கண்ணிலும் படாது. ஆகவே டொமைன், ஹோஸ்டிங், பேக்கப் மூன்றின் விவரங்களும் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். மீட்கும் முறையை ஒரு தாளில் எழுதி அமைப்பின் கோப்பிலும் வையுங்கள்.

எங்கள் தளத்தில் இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒருவர் பேக்கப்பை எடுத்து வேறு கணினியில் ஏற்றிப் பார்க்கிறார். ஒரு மணி நேர வேலை. ஏற்றியதும் வஃபாத் அறிவிப்புகளில் ஒன்றைத் திறந்து, கீழே எழுதப்பட்டிருக்கும் துஆக்கள் கடைசி வரி வரை வந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். அது வந்திருந்தால்தான் அந்த மாதத்துக்கு பேக்கப் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறோம். உங்கள் தளத்துக்கும் இந்த வெள்ளிக்கிழமையே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், இன்ஷா அல்லாஹ்.