தனிவழிக்குத் துணை

முதுகிலே ஒரு பொதியைத் தாங்கி, உடன்வருவார் ஒருவருமின்றி, மலைப்பாதையிலே பல நாள் நடக்கத் துணிந்த மனிதனைக் காணும்போது நமக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே உண்டாகின்றன. இவன் யாருக்கும் கடமைப்படாதவன், தன் காலையும் தன் நெஞ்சையும் மாத்திரமே நம்பியவன் என்று எண்ணி, அவன்பால் சிறிது பொறாமையும் கொள்கிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும்? ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைத்தொடரிலே மூன்று நாடுகளை ஊடறுத்துச் செல்லும் ஒரு பாதையை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்வோம்.

பிரான்சு, இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் கூடுமிடத்தில் எழுந்து நிற்பது மொன் பிளாங் மலைத்தொகுதி. வெண்மலை என்பது அப்பெயரின் பொருள். அதன் முடி கடல் மட்டத்திலிருந்து 4,800 மீற்றருக்குச் சற்று மேலே உள்ளது; உச்சியை மூடியுள்ள பனிக்கவிகை தடித்தும் மெலிந்தும் வருவதால், அளக்குந்தோறும் உயரம் சிறிது மாறுகிறது. 2021ஆம் ஆண்டில் 4,807 மீற்றருக்கு மேலாக இருந்தது, 2023இல் 4,805 மீற்றர் அளவுக்கு இறங்கியிருந்தது. நாம் கூறவந்த பாதை இந்த உச்சிக்கு ஏறுவதன்று. மலையைச் சுற்றி வருவது. நம்மவர் கோயிலை வலமாகச் சுற்றுவர். இங்கே நடப்போரிற் பெரும்பாலோர் இடமாகச் சுற்றுகின்றனர். சுற்றின் நீளம் ஏறத்தாழ 170 கிலோ மீற்றர். ஏறும் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 10,000 மீற்றர் அளவு வரும். யூன் நடுப்பகுதி முதல் செப்தெம்பர் நடுப்பகுதி வரையுள்ள கோடையிலே, பத்து அல்லது பதினொரு நாளில் இதனை முடிப்பது வழக்கம்.

பாதை பழையது, எல்லைகளோ புதியன. ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர் 1767ஆம் ஆண்டில் இம்மலையைச் சுற்றி வந்தபோது, இன்று பிரான்சுக்குரிய சவோய்ப் பகுதியும், இன்று இத்தாலிக்குரிய ஆஓஸ்தாப் பள்ளத்தாக்கும் சார்தீனிய மன்னர் ஒருவரின் ஆட்சியிலேயே இருந்தன. சவோய் பிரான்சுடன் சேர்ந்தது 1860இல். இன்று கணவாய்களிலே காவலர் இல்லை. கடவுச்சீட்டைக் கேட்பாரும் இல்லை. ஓர் எல்லைக்கல்லைத் தாண்டினால் மொழி மாறுகிறது, உணவு மாறுகிறது, வழிக்குறியின் நிறம் மாறுகிறது, மலை மாறுவதில்லை.

வழிக்குறி என்றேன். தனியே நடப்பவனுக்குக் கிடைக்கும் முதல் துணை அதுவே. லே ஊஷ் என்னும் பிரெஞ்சுக் கிராமத்திலிருந்து புறப்பட்டவன் ஓரிரு நாளில் பொனொம் கணவாயை அடைகிறான். 2,300 மீற்றருக்கு மேற்பட்ட அவ்விடத்தில் யூலை மாதத்திலும் ஆங்காங்கே பனித்திட்டுக்கள் கிடக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அவ்வேளையில் ஒரு பாறையிலே சிவப்பும் வெள்ளையுமாகத் தீட்டப்பட்ட இரு கோடுகள் கண்ணிற் படுகின்றன. சிறிது தூரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கற்குவியல் தோன்றுகிறது. எவனோ ஒருவன் வண்ணச் சட்டியைச் சுமந்து இவ்வளவு உயரம் ஏறிவந்து அக்கோடுகளை வரைந்தான். எத்தனையோ பேர் போகிறபோக்கில் ஒவ்வொரு கல்லை வைத்துச் சென்றனர். வழியறிந்தவன் வழியறியாதவனை நெறிப்படுத்துவதை ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர் நம் முன்னோர். அந்தக் கற்குவியலும் ஓர் ஆற்றுப்படையே. பாடியவர் பெயர் மாத்திரம் தெரியாது.

பிரான்சையும் இத்தாலியையும் பிரிக்கும் சேஞ் கணவாய் 2,516 மீற்றர் உயரத்திலுள்ளது. அதைக் கடந்து வேனிப் பள்ளத்தாக்கில் இறங்கி, கூர்மாயோர் என்னும் சிற்றூரைத் தாண்டி ஏறினால் மலையேறிகளின் தங்குமனைகள் வருகின்றன. அங்கே சேற்றுச் சப்பாத்துக்களை வாயிலிலே கழற்றிவைத்து உள்ளே செல்லவேண்டும். இரவுணவுக்கு நீண்ட மேசையொன்றிலே முன்பின் அறியாதவர்கள் அருகருகே அமர்கின்றனர். “நாளை எங்கே செல்கிறீர்கள்?” என்று மனைக்காரர் கேட்கும் கேள்வி வெறும் உபசாரமன்று. வந்தவனின் பெயரும் அவன் சொல்லும் ஊரும், நாளை ஒருவேளை அவன் போய்ச் சேராவிட்டால், தேடிச் செல்வோருக்கு முதல் தடயமாகும். தனியே செல்பவன் இக்கேள்விக்கு மெய்யான விடை கூறக் கடமைப்பட்டவன்.

இப்பகுதியிலுள்ள தங்குமனையொன்று வால்ற்றர் பொனாற்றியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தனியே மலையேறியவருள் தலைசிறந்தவர் எனப் போற்றப்படும் இத்தாலியர் அவர். 1930இல் பிறந்து 2011இல் மறைந்தார். 1954ஆம் ஆண்டு யூலை இறுதியில் இத்தாலியக் குழுவொன்று கே-2 சிகரத்தை முதன்முதலாக வென்றது. உச்சியை அடைந்த இருவருக்கும் பிராணவாயுக் குப்பிகளைச் சுமந்து சென்றவர்கள் இளைஞரான பொனாற்றியும், ஹூன்ஸாப் பகுதியைச் சேர்ந்த அமீர் மஹ்தி என்ற சுமையாளரும் ஆவர். குறித்த இடத்திலே கூடாரம் இல்லாமையால், ஏறத்தாழ 8,100 மீற்றர் உயரத்தில், திறந்த பனியிலே அவர்கள் ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தது. மஹ்தி பனிக்கடியினால் கால்விரல்களை இழந்தார். அந்த இரவைப் பற்றிப் பொனாற்றி கூறியதை இத்தாலிய அல்பைன் கழகம் ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

மறு ஆண்டு, 1955 ஓகஸ்ட் மாதத்தில், பொனாற்றி மொன் பிளாங் தொகுதியைச் சேர்ந்த துரூ என்னும் சிகரத்தின் தென்மேற்குத் தூணிலே தன்னந்தனியே ஏறினார். செங்குத்தான அப்பாறையிலே ஆறு நாட்கள். மனிதரிடம் நம்பிக்கை தளர்ந்த ஒருவர் பாறையை நம்பிச் சென்றார் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். பிற்காலத்தில் அத்தூணே அவர் பெயரால் வழங்கலாயிற்று.

பெரே கணவாயைக் கடந்தால் சுவிற்சர்லாந்து. ஷம்பே என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து திரியன் செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று, 2,665 மீற்றர் உயரமுள்ள ஆர்பெற் கணவாய் வழி. பெரும் பாறைத் துண்டங்களிடையே தாவியும் தவழ்ந்தும் ஏறவேண்டியது. மற்றது, பொவீன் என்னும் மேய்ச்சல் நிலத்தின் வழி, தாழ்ந்தது, எளியது. மேகம் கறுத்த காலையிலே எதைத் தெரிவது? இருவர் சென்றால் ஒருவர் ஆசையை மற்றவர் அச்சம் தடுக்கும். தனியே நிற்பவன் ஆசைக்கும் அச்சத்துக்கும் தானே நடுவனாக வேண்டும். தனிமையின் மெய்யான சுமை இதுவே. தனிமை பிறர் உதவியை நீக்குவதில்லை. பிறர் ஆலோசனையையே நீக்குகிறது. விடியலிற் புறப்பட்டு, பிற்பகல் இடிமழைக்கு முன் கணவாயைக் கடப்பதும், ஐயம் தோன்றியபோது தாழ்ந்த வழியைத் தெரிவதும் கோழைமையல்ல. கால் பிசகி விழுந்தாலும் ஒரு வழி உண்டு: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுகுழலை ஒலித்தல், ஒரு நிமிடம் ஓய்தல், மீண்டும் ஒலித்தல். கேட்டவர் நிமிடத்துக்கு மும்முறை விடையொலி எழுப்புவர். கிளின்டன் டென்ற் என்ற ஆங்கிலேயர் 1894இல் முன்மொழிந்த இந்த அடையாளம் இன்றும் மலைகளில் வழங்குகிறது. கேட்பதற்கு எங்கோ ஒரு செவி இருக்கிறது என்ற நம்பிக்கையின்றி இதற்குப் பொருளேயில்லை.

பால்ம் கணவாயிலே மீண்டும் பிரான்சு. அப்பால், செங்குத்துப் பாறைகளிலே அறையப்பட்ட இரும்பு ஏணிகளைப் பற்றி ஏறவேண்டும். ஏறி நின்று எதிரே நோக்கினால் துரூ சிகரம் தெரிகிறது. ஆனால், பொனாற்றி ஏறிய தூண் அங்கே இல்லை. 2005ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது இடிந்து சரிந்துவிட்டது. பாறைப் பிளவுகளைப் பிணைத்து நின்ற உறைபனி வெப்ப மிகுதியால் இளகிவருவதே இத்தகைய சரிவுகளுக்குக் காரணமென அறிஞர் கூறுகின்றனர். என்றும் நிலைத்திருக்கும் என நம்பிய பாறை, அதை ஏறிய மனிதரின் ஆயுளுக்குள்ளேயே மறைந்துபோயிற்று.

கீழே சமோனி நகரம். அங்கே 1887இல் நிறுவப்பட்ட சிலையொன்று உண்டு. பல்மா என்ற மலைவாசி உச்சியைச் சுட்டிக்காட்ட, சொசூர் அதை நோக்கி நிற்கிறார். உச்சிக்கு வழி காண்பவருக்குப் பரிசு அளிப்பதாக 1760இல் அறிவித்தவர் சொசூர். 1786 ஓகஸ்ட் 8ஆம் நாள் மாலை அதனை முதலில் அடைந்தவர்களோ இருவர்: பளிங்கு தேடித் திரிந்த பல்மாவும், அவ்வூர் வைத்தியர் பக்காரும். பரிசும் புகழும் பல்மாவுக்கே சென்றன. முதுமையிலே அவர் சொன்ன கதையைக் கேட்டு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமா எழுதியபோது, பக்கார் பின்னால் இழுத்துச் செல்லப்பட்டவராகவே தோன்றினார். ஆயினும், ஏறிய அன்று கீழேயிருந்து தொலைநோக்கியால் பார்த்த கேர்ஸ்டோர்ப் என்ற ஜெர்மானியப் பிரபுவின் குறிப்புகள் பக்காரின் பங்கை மெய்ப்பித்தன. பக்காருக்கு அந்நகரிலே சிலை எழுந்தது 1986இல். இருநூறு ஆண்டுகள் கழித்து. பல்மாவின் முடிவும் சிந்திக்கத்தக்கது. 1834இல், எழுபது கடந்த வயதிலே, பொன் தேடிச் சென்ற அவர் ஒரு பாறை முகட்டிலிருந்து விழுந்து இறந்தார்.

தனியே நடத்தல் தவறன்று. தன் நடைக்குத் தானே அளவாகி, தன் மனத்தோடு தானே உரையாடி, பத்து நாள் மலைகளிடையே வாழ்ந்தவன் பெறும் தெளிவு பெருங்கூட்டத்திற் கிடைப்பதன்று. ஆனால் திரும்பி வந்தபின், “நான் ஒருவனாகவே போய் வந்தேன்” என்று அவன் கூறும்போது, வண்ணச் சட்டி சுமந்தவனையும், ஏணி அறைந்தவனையும், மேசையிலே ரசம் பரிமாறி நாளைய ஊரைக் கேட்டவரையும் நினைத்துக்கொள்வானாக. பாதையிலே அடுத்த கற்குவியலைக் காணும்போது தானும் ஒரு கல்லை எடுத்து வைப்பானாக. பின்னால் வருபவனும் தனியனாகவே வரக்கூடும்.