வால்வு மூடியில் எண்ணெய்க் கசிவு: காரணமும் பரிகாரமும்

மோட்டார் வண்டி நின்ற இடத்தில் கருநிறத் துளிகள் காணப்படுவதும், சிறிது தூரம் ஓடியபின் எஞ்சினிலிருந்து எண்ணெய் கருகும் நாற்றம் எழுவதும் பழைய வண்டி வைத்திருப்போர் பலரும் அறிந்தவையே. இதனைச் சிறு குறையென்று கருதி, அவ்வப்போது எண்ணெய் ஊற்றிக்கொண்டு காலங் கடத்துவோரும் உண்டு. ஆனால் கசியும் எண்ணெய் சூடேறிய புகைக்குழாயின்மீது விழுமாயின் தீப்பற்றவும் இடமுண்டு. எண்ணெய் குறைந்ததை அறியாமல் நெடுந்தூரம் ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினே பழுதாகிவிடும்.

இத்தகைய கசிவுகளுள் அடிக்கடி காணப்படுவதும், வீட்டிலேயே செப்பனிடத்தக்கதும் வால்வு மூடியின் கசிவாகும். பட்டறைகளில் இம்மூடியை டேப்பட் கவர் என்றும், அதன் விளிம்பின் கீழ் வைக்கப்படும் மென்மையான பட்டையைப் பாக்கிங் என்றும் வழங்குவர். புதிய பாக்கிங் வைத்தபின்னும் சில வாரங்களில் மீண்டும் கசிவு தோன்றுவது பலருடைய அனுபவம். பாக்கிங் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும்.

மூடியின் அமைப்பு

இந்நாட்டில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசிடர் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் பழைய 1489 கன செண்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் வால்வுகளும், அவற்றை அழுத்தித் திறக்கும் ராக்கர்களும் சிலிண்டர் தலையின்மேல் அமைந்துள்ளன. ராக்கர் தண்டுக்கு வரும் எண்ணெய் அங்கிருந்து வழிந்தும் தெறித்தும் வால்வுகளை நனைத்துப் பின் துவாரங்களின் வழியாகக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்புகிறது. இவ்வெண்ணெய் வெளியே சிதறாமலும், வெளிப்புழுதி உள்ளே புகாமலும் தடுப்பதே தகட்டினாலான மூடியின் வேலை. மூடியின் உச்சியில் இரண்டு நட்டுகள் மட்டுமே உள்ளன. ஒவ்வொரு நட்டின் கீழும் ஒரு கிண்ண வாஷரும் ஒரு ரப்பர் புஷ்ஷும் உண்டு.

இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எண்ணெய்ப் பம்பின் அழுத்தம் மூடியின் உட்புறத்தைத் தாக்குவதில்லை; பாக்கிங் தடுக்க வேண்டியது தெறித்து வழியும் எண்ணெயை மட்டுமே. எனவே மூடியை மிகுந்த பலத்துடன் இறுக்கவேண்டிய அவசியமே இல்லை.

தக்கையின் இயல்பு

பழைய வண்டிகளில் பாக்கிங் பெரும்பாலும் தக்கையினால் ஆனது. மத்தியதரைக் கடலை அடுத்த நாடுகளில், சிறப்பாகப் போர்ச்சுகலில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையே தக்கை. 1665-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபொழுது தேனடை போன்ற சிற்றறைகளைக் கண்டார். உயிரியலில் இன்று வழங்கும் செல் என்னும் பெயர் அவர் இட்டதே. காற்று நிறைந்து நாற்புறமும் மூடிய இவ்வறைகளே தக்கையின் மீள்சக்திக்குக் காரணம்.

ரப்பர்த் துண்டு ஒன்றை இரு பலகைகளுக்கிடையே வைத்து அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கும். தக்கையை அவ்வாறே அழுத்தினால் அதன் அறைச் சுவர்கள் மடிந்து உயரம் குறையுமேயன்றிப் பக்கங்களில் அது அதிகம் பிதுங்குவதில்லை. பள்ளி ஆசிரியர்கள் ஒரு சீசாத் தக்கையையும் ஓர் அழிப்பானையும் கொண்டு இவ்வேற்றுமையை வகுப்பிலேயே காட்டலாம்.

அழுத்தப்பட்ட தக்கை தன் பழைய உயரத்தை அடைய முயல்கிறது. அம்முயற்சியே அதனை மேலும் கீழும் உள்ள உலோகப் பரப்புகளோடு ஒட்டிநிற்கச் செய்து எண்ணெயைத் தடுக்கிறது. அளவுக்கு மீறி நசுக்கினால் அறைச் சுவர்கள் சிதைந்து மீள்சக்தி அழிந்துபோகும். பல்லாண்டுச் சூட்டினாலும் இதே கேடு விளைகிறது. பாக்கிங் மரம்போல் கடினமாகி வெடிப்புறுகிறது.

இறுக்குவதால் வரும் கேடு

கசிவு கண்டவுடன் நட்டை மேலும் ஒரு சுற்று முறுக்குவது பொதுவான வழக்கம். இதனால் தக்கை நசுங்குவதோடு, மெல்லிய தகட்டு மூடியும் வளைந்து, அதன் விளிம்பு சில இடங்களில் தாழ்ந்தும் சில இடங்களில் உயர்ந்தும் போகிறது. உயர்ந்த இடத்தில் எண்ணெய் மீண்டும் வழியவே, மீண்டும் முறுக்க நேரிடுகிறது. ஆக, பரிகாரமே நோயை வளர்க்கிறது.

மற்றொரு காரணம் சுவாசக் குழாயின் அடைப்பாகும். எரிந்த வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழறையில் புகுகிறது. இது வெளியேறுவதற்காகவே சுவாசக் குழாய் அமைந்துள்ளது. குழாய் கசடினால் அடைபட்டால் உள்ளழுத்தம் உயரும். மூடி 50 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உடையது எனக் கொண்டால் அதன் பரப்பு 600 சதுர செ.மீ. சதுர செ.மீ. ஒன்றுக்கு 20 கிராம் அழுத்தம் கூடினாலும் மூடியை 12 கிலோ எடையளவுள்ள விசை மேல்நோக்கித் தள்ளும். அந்நிலையில் எவ்வளவு நல்ல பாக்கிங்கும் நெடுநாள் நில்லாது.

கசிவிடம் அறிதல்

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். விசிறியின் காற்று அதனைப் பின்னே தள்ளும். ஆதலின் துளி சொட்டும் இடம் கசியும் இடமன்று. எஞ்சினின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியினால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின், மூடியின் விளிம்பைச் சுற்றிலும் முகப் பவுடரை மெல்லத் தூவவேண்டும். எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், ஈரம் படிந்த இடங்களுள் மிக உயரமானதே கசிவின் தோற்றுவாய் என்பது புலனாகும். விளிம்பு உலர்ந்திருந்து நட்டின் அடி ஈரமாயிருப்பின் குறை பாக்கிங்கில் இல்லை. ரப்பர் புஷ்ஷில் உள்ளது.

மாற்றும் முறை

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்தபின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மூடியைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைப்பது முதற் கடமை; இன்றேல் அப்புழுதி எஞ்சினுக்குள் விழும். பின்னர் சுவாசக் குழாயைக் கழற்றி, இரு நட்டுகளையும் மாறி மாறித் தளர்த்தவேண்டும். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியால் பக்கங்களில் மெல்லத் தட்டலாம். திருப்புளியைச் செருகி நெம்பினால் விளிம்பு கெடும்.

மூடியை எடுத்ததும், தலையில் உள்ள துவாரங்களைத் தூய துணிகளால் மூடிவிடவேண்டும். வைத்த துணிகளை எண்ணி நினைவில் வைத்துக்கொள்வது நலம். பழைய தக்கைத் துணுக்குகளை மரச் சீவுளியால் சுரண்டி எடுக்கவேண்டும். மூடியையும் சுவாசக் குழாயையும் மண்ணெண்ணெயில் கழுவி, குழாயில் காற்று தடையின்றிச் செல்கிறதா என்று ஊதிப் பார்க்கவேண்டும்.

அடுத்து, மூடியைத் தட்டையான கண்ணாடிப் பலகையின்மேல் கவிழ்த்து வைத்து, விளிம்பின் அடியில் எங்கேனும் இடைவெளி தெரிகிறதா எனச் சோதிக்கவேண்டும். வளைந்த இடத்தை மரக்கட்டையின்மேல் வைத்து இலேசாகத் தட்டி நேராக்கலாம். இச்சோதனையை விட்டுவிடுவதே பாக்கிங் மாற்றியும் பயனில்லாமற் போவதற்குப் பெரிதும் காரணமாகிறது.

கடையில் நெடுநாள் கிடந்த தக்கைப் பாக்கிங் உலர்ந்து சுருங்கியிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைத்துத் துடைத்தால் அது பழைய அளவை அடையும். பாக்கிங்கை மூடியின் விளிம்பில் மட்டும் மெல்லிய பசைப் பூச்சினால் ஒட்டி, சிலிண்டர் தலையைத் தொடும் பக்கத்தைப் பசையின்றி விடவேண்டும். இவ்வாறு செய்தால் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க மூடியைத் திறக்கும்பொழுதெல்லாம் பாக்கிங் கிழியாது.

துணிகளை எண்ணி எடுத்தபின் மூடியைப் பொருத்தி, பாக்கிங் எங்கும் நழுவவில்லை என்பதைச் சுற்றிலும் விரலால் தடவி உறுதிசெய்துகொள்ளவேண்டும். ரப்பர் புஷ்ஷுகளையும் புதிதாக இடுவது நன்று. நட்டுகளைக் கையால் திருகி, பின்னர் ஸ்பானரால் அரைச் சுற்று அரைச் சுற்றாக மாறி மாறி இறுக்கவேண்டும். இவ்வகை எஞ்சினுக்கு 4 பவுண்டு-அடி முறுக்கே போதுமானது. இது 10 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ எடையளவுள்ள விசை கொடுப்பதற்கு ஒப்பாகும். அதற்குமேல் இறுக்குவது தீங்கேயாகும்.

குழாயையும் பாட்டரி இணைப்பையும் மாட்டி, எண்ணெய் அளவைச் சரிபார்த்து எஞ்சினை ஓடவிட்டு விளிம்பைக் கவனிக்கலாம். புகைக்குழாயின்மேல் முன்னர் சிந்திய எண்ணெய் தீரும்வரை சிறிது புகை எழும். அதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அழுக்கு எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் கிணற்றருகிலோ சாக்கடையிலோ கொட்டாது, கலத்தில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குமிடத்தில் ஒப்படைக்கவேண்டும்.

இவ்வளவு செய்தும் கசிவு நீடிப்பின், எஞ்சின் ஓடும்பொழுது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். அங்கிருந்து புகை விடாமல் பலமாக வெளிப்படுமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன என்பது பொருள். அது வீட்டில் தீர்க்கும் குறையன்று. தேர்ந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதே முறை. மற்ற நிலைகளில், தூய்மை, தட்டையான விளிம்பு, அடைபடாத சுவாசக் குழாய், அளவான இறுக்கம் ஆகிய நான்கும் அமைந்தால் விலை மலிந்த ஒரு தக்கைப் பட்டையே பல்லாண்டு தன் கடமையைச் செவ்வனே ஆற்றும்.