பெரிய சில்லும் சின்னப் பல்லும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி மூட்டை கட்டிச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தக் கணக்கு காலிலேயே தெரியும். பின்சில்லில் 18 பல்லுக்குப் பதில் 20 பல்லுப் போட்டால் மிதி இலேசாகும், வேகம் குறையும். சுமைக்கு 20, ஓட்டத்துக்கு 18. இரண்டையும் ஒன்றாகத் தரும் பல்லு இல்லை.

ஜீப்பிலும் இதே கணக்குத்தான். ஆனால் பல்லு கண்ணுக்குத் தெரியாது. பின் அச்சின் நடுவில் உருண்டு தொங்கும் 'டிஃபரன்சல்' பெட்டிக்குள் இருக்கிறது. எஞ்சினில் இருந்து வரும் தண்டின் நுனியில் சிறிய பினியன், அது சுழற்றுவது பெரிய கிறவுண் சில்லு. பினியனில் 10 பல்லும் கிறவுணில் 41 பல்லும் என்றால் விகிதம் 4.1. தண்டு 4.1 சுற்றுச் சுற்றினால்தான் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்.

இந்த ஜீப்பின் 28 அங்குல ரயரைக் கழற்றி 33 அங்குல ரயர் பூட்டுகிறோம் என்று வையுங்கள். பார்வைக்கு எடுப்பாக இருக்கும். எஞ்சினுக்கோ 18 வீதம் நீண்ட நெம்புகோலைத் தள்ளுகிற வேலை. அதே கியரில் சில்லு நிலத்தைத் தள்ளும் விசை 15 வீதம் குறைந்துவிடும். வேகமானியும் ஏமாற்றும்: முள் 60 காட்டும்போது வண்டி 70இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் சுமை கூடும்.

பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் 4.1 என்ற விகிதத்தையும் அதே அளவு கூட்டவேண்டும். 33ஐ 28ஆல் வகுத்து 4.1ஆல் பெருக்கினால் 4.83. கடையில் போய் 4.83 கேட்டால் கிடைக்காது. பல்லை அரையும் காலுமாக வெட்ட முடியாது. 43க்கு 9 வெட்டினால் 4.78, 39க்கு 8 என்றால் 4.88. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

ஏன் நேராக 40க்கு 8 வெட்டி 5 என்று முடிக்கவில்லை? அப்படி வெட்டினால் பினியனின் ஒரு பல்லு எப்போதும் கிறவுணின் அதே ஐந்து பல்லுகளைத்தான் சந்திக்கும். ஒன்றில் பழுது இருந்தால் அந்த ஐந்தும் சேர்ந்து தேயும். 39க்கும் 8க்கும் பொதுக் காரணி கிடையாது. ஆகவே ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பல்லுகளையும் முறைவைத்துத் தொட்டு வரும், தேய்மானமும் சமமாகப் பரவும். பள்ளிக்கூடத்தில் படித்த பொதுக் காரணிக்கு டிஃபரன்சலுக்குள்ளும் வேலை இருக்கிறது.

சில்லு மாறாவிட்டாலும் வேலை மாறினால் பல்லை மாற்றுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் அச்சில் இருந்தது 39க்கு 8. போர் முடிந்து, 1945இல் அதே நிறுவனம் விவசாயிகளுக்கென்று விட்ட சிஜே-2ஏ ஜீப்பிலும் ரயர் அதே 16 அங்குல விளிம்பு ரயர்தான். அச்சில் மட்டும் 43க்கு 8, அதாவது 5.38. படைக்கு ஓட்டம் தேவைப்பட்டது, வயலுக்கு இழுவை.

மாற்றுவது இலகுவான காரியமல்ல. கிறவுணும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துச் சோடியாக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள ஆட்டம் மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் நிற்கவேண்டும். அதற்கு மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் பார்ப்பார்கள். பல்லில் வண்ணப் பசை பூசிச் சுற்றி, அது எந்த இடத்தில் அழிகிறதென்று கவனிப்பார்கள். பல்லின் நடுவில் அழிந்தால் சரி, ஓரத்தில் அழிந்தால் திரும்பவும் கழற்றவேண்டும். பொறுமையில்லாத கை பூட்டினால் அச்சு ஊளையிடும், பிறகு பல்லு உடையும்.

நாலு சில்லும் இழுக்கும் வண்டியென்றால் முன் அச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றியாகவேண்டும். பின்னுக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று என்று விட்டால், இறுகிய தரையில் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கித் தண்டையோ பெட்டியையோ உடைத்துவிடும். விகிதத்தைக் கண்டபடி ஏற்றவும் முடியாது. கிறவுண் அதே அளவாக இருக்க, விகிதம் கூடக் கூடப் பினியன் சிறுக்கும், பலமும் குறையும்.

மேடு பள்ளம் இல்லாத குடாநாட்டில், பலாலி வீதியால் போய்வர மட்டும் என்றால் பல்லு மாற்றாத குறை பெரிதாகத் தெரியாது. வேகமானியைத் திருத்தினால் போதும். மணற்காட்டு மணலில் சில்லு புதையும்போதும், மாரியில் வன்னிச் சேற்றில் இறங்கும்போதும்தான் அந்தக் குறைந்த 15 வீதம் ஞாபகத்துக்கு வரும். அப்போது இறங்கி நின்று ரயரைப் பார்த்துப் பயனில்லை. பார்க்கவேண்டியது அச்சின் நடுவிலுள்ள அந்த உருண்டைப் பெட்டியை.