பழைய டிரக்கின் தரையைத் தின்னும் துரு

1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் தயாரான செவர்லே சி-10 பிக்கப் டிரக்குகளை இன்றும் பலர் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். இயந்திரம் ஓடும், வெளிச் சாயமும் பளபளக்கும். ஆனால், ஓட்டுநரின் காலடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கினால், சில வண்டிகளில் கீழே சாலையே தெரியும்! தரைத் தகட்டைத் துரு தின்றிருக்கும். அந்தத் தகட்டை மாற்றும் வேலைக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று பார்ப்போமா, மாணவர்களே?

தரையில் ஏன் அதிகத் துரு?

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் தேவை. இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. ஆக்சிஜன் அவற்றைப் பெறுகிறது. நீரில் உப்பு கலந்திருந்தால், அது மின்சாரத்தை நன்கு கடத்தும். இந்த வினையும் விரைவாக நடக்கும்.

அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைகளில் உப்பு தூவுவார்கள். உப்பு நீரின் உறைநிலையைக் குறைப்பதால் பனி உருகிவிடும். அந்த உப்புநீர் காலணி வழியாக வண்டிக்குள் வருகிறது. ரப்பர் விரிப்பின் அடியில் புகுந்த நீர் எளிதில் உலர்வதில்லை. அங்கே ஆக்சிஜனும் குறைவு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உள்ள இரும்பே எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முதலில் ஓட்டை விழுகிறது.

தரை வெறும் மூடி அல்ல

இருக்கையும் இருக்கை வாரும் தரையில்தான் முடுக்கப்படுகின்றன. தரை இற்றுப்போனால் விபத்தின்போது அவை பெயர்ந்துவிடலாம். புகைக்குழாயில் கசிவு இருந்தால், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு ஓட்டை வழியாக உள்ளே நுழையலாம்.

ஆகவே, ஏதோ ஒரு தகரத்தை ஒட்டி மறைத்தால் போதாது. சந்தையில் கிடைக்கும் மாற்றுத் தகடுகள் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகினால் ஆனவை. பழைய தகட்டில் இருந்ததைப் போன்ற வரிமேடுகள் அச்சு இயந்திரத்தால் அவற்றில் அழுத்தப்பட்டிருக்கும். ஒரு தாளை அப்படியே பிடித்தால் தொய்கிறது. விசிறிபோல் மடித்தால் விறைப்பாக நிற்கிறது, இல்லையா? அதே தத்துவம்தான்.

வெட்டும் முன்

இந்த வண்டிகளில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்குப் பின்னால், ஓட்டுநர் அறைக்குள்ளேயே இருக்கும்! தீப்பொறி பறக்கும் வேலை என்பதால், அதை முதலில் கழற்றி வெளியேற்ற வேண்டும். அடுத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே தற்காலிக எஃகுக் கம்பிகளைப் பொருத்துவார்கள். இல்லாவிட்டால், தரையை வெட்டியதும் அறையின் வடிவம் மாறி, பிறகு கதவு சரியாக மூடாது.

வெப்பமும் வளைவும்

எஃகு ஏறக்குறைய 1500 டிகிரி செல்சியசில் உருகும். வெல்டிங் செய்யும்போது சுற்றியுள்ள பகுதியும் சூடாகி விரிகிறது. 1 மீட்டர் நீள எஃகின் வெப்பநிலை 100 டிகிரி உயர்ந்தால், அது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். ஒரே இடத்தில் தொடர்ந்து வெல்டிங் செய்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். எனவே, இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டுத் தொடர்வார்கள்.

துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால், வெல்டிங் செய்யும் இடத்தில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுப்பது அவசியம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

மூட்டில்தான் வெற்றி

புதுத் தகடும் பழைய தகடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் நீர் நுண்புழை ஏற்றத்தால் தானாகவே ஏறும். இங்கே அலட்சியம் காட்டினால், புதுத் தகடும் சில ஆண்டுகளில் துருவுக்கு இரையாகும். ஆகவே, துரு இல்லாத நல்ல உலோகம் தெரியும் வரை பழைய தகட்டை வெட்டி நீக்குவார்கள். வெல்டிங் முடிந்ததும் இடுக்கைப் பசையால் அடைத்து, மேலும் கீழும் சாயம் பூசுவார்கள். துருவை மறைப்பது வேறு, தடுப்பது வேறு!

செய்து பாருங்கள்

மூன்று சோதனைக் குழாய்களில் உப்புநீர் ஊற்றுங்கள். ஒன்றில் வெறும் ஆணி, இரண்டாவதில் செப்புக் கம்பி சுற்றிய ஆணி, மூன்றாவதில் துத்தநாகப் பட்டை சுற்றிய ஆணி. மூன்று நாள் கழித்துப் பாருங்கள். எது அதிகம் துருப்பிடித்தது? எது தப்பியது? உலோகங்களின் வினைபுரியும் வரிசையில் இரும்பு, செம்பு, துத்தநாகம் மூன்றும் எங்கே உள்ளன என்று பாருங்கள், காரணம் புரிந்துவிடும்.