எரிக்கப்படும் எலும்பு

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில், தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்தைக் கழுத்தோடு அறுத்தெடுத்த பிறகுதான் செயற்கைப் பந்தைப் பொருத்துவார்கள். எடுத்த பந்தின் குறுக்களவு ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மேலே தேய்ந்துபோன குருத்தெலும்பு. அதைச் சீவிவிட்டால் உள்ளே துளைத்துளையாக நல்ல எலும்பு. நர்ஸ் அதைத் தட்டில் வாங்கி மஞ்சள் பையில் போடுவார். மருத்துவக் கழிவு விதிகளின்படி உடலிலிருந்து வெட்டியெடுத்த பாகங்கள் மஞ்சள் பையில்தான் போகவேண்டும், அங்கிருந்து எரியூட்டும் ஆலைக்கு. இதில் விதிமீறல் ஏதுமில்லை. ஆனால் அதே கட்டடத்தில், பக்கத்துத் தியேட்டரிலேயே இன்னொரு நோயாளியின் இடுப்பைக் கீறி அவருடைய எலும்பைச் சுரண்டிக்கொண்டிருக்கக்கூடும், எலும்பு போதவில்லை என்பதற்காக. மூட்டு மாற்று சிகிச்சைக்கு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கும் பெங்களூர் போன்ற நகரத்தில், இந்தப் பந்துகளை எரிப்பது வீண் என்றே சொல்லவேண்டும்.

எலும்புக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தோல் வெட்டுப்பட்டால் தழும்போடு ஆறுகிறது. எலும்பு முறிந்தால் மறுபடி எலும்பாகவே ஆறுகிறது. இடைவெளி சிறிதாக இருக்கும்வரைதான் இந்தச் சாமர்த்தியம். விபத்தில் ஒரு துண்டே சிதறிப்போனாலோ, கட்டியைச் சுரண்டியெடுத்த இடத்தில் பெரிய குழி விழுந்தாலோ, அதைத் தாண்டி எலும்பு வளராது. அங்கே எலும்பு ஒட்டு தேவைப்படுகிறது. நோயாளியின் சொந்த எலும்பே இதற்கு உத்தமம். அதில் உயிரணு, வளர்ச்சியைத் தூண்டும் புரதம், பற்றி ஏற இடம் மூன்றும் இருக்கின்றன. வேறொருவரின் பதப்படுத்திய எலும்பில் உயிரணு கிடையாது. அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி: நோயாளியின் ரத்தக்குழாய்களும் உயிரணுக்களும் அதன் துளைகளுக்குள் ஏறி, பழையதை அரித்துத் தின்றபடியே புதிய எலும்பைக் கட்டிக்கொண்டு போகும். மஜ்ஜையையும் உயிரணுக்களையும் கழுவி நீக்கிவிடுவதால், சிறுநீரக மாற்றுக்குப் போல ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை விழுங்கவேண்டியதில்லை. வழக்கமாக ரத்தப் பிரிவும் பார்ப்பதில்லை.

சொந்த எலும்பே உத்தமம் என்றால் அடுத்தவர் எலும்பு எதற்கு? சொந்த எலும்பு கொஞ்சம்தான் இருக்கிறது என்பதே பதில். இடுப்பின் விளிம்பிலிருந்து ஓரளவுக்கு மேல் எடுக்கமுடியாது. எடுத்த இடத்து வலி, ஒட்டுவைத்த இடத்து வலியைவிட அதிக நாள் படுத்துவதும் உண்டு. கூன் விழுந்த முதுகுத்தண்டை நிமிர்த்தும் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளுக்கோ எடுக்க அதிகம் இருப்பதே இல்லை. பழைய செயற்கை மூட்டு தளர்ந்து மறுபடி மாற்றவேண்டியிருக்கும் முதியவருக்கு, அரித்துப்போன குழியில் எலும்புத் துணுக்குகளை அடித்து இறுக்கி நிரப்பவேண்டும். அதற்கு ஒரு பந்து போதாமல் இரண்டாவதையும் உடைப்பதுண்டு. அதே சமயம், இப்படிப் பிறரிடம் வாங்கிப் பதப்படுத்திச் சேமித்துவைக்கும் எலும்பு வங்கியின் எலும்பு எல்லாவற்றுக்கும் ஆகாது. வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையை வெட்டியெடுத்து, கதிர்வீச்சும் கொடுக்கப்போகும் இடத்தில் வெறும் சாரம் நிற்காது. கெண்டைக்காலில் இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பை அதன் தமனி, சிரையோடு எடுத்துவந்து, தாடையின் வளைவுக்கேற்ப வெட்டி, கழுத்து ரத்தக்குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். அங்கே தேவை உயிருள்ள எலும்பு.

நோயுற்ற இடுப்பிலிருந்து எடுத்ததுதானே, சொத்தை எலும்பு அல்லவா என்ற சந்தேகம் நியாயமானது. இந்தியாவில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் ரத்த ஓட்டம் நின்று பந்து செத்துப்போனவர்கள் நிறைய. ஆனால் வங்கிக்குப் போகும் எலும்பு எப்படியும் உயிரற்றதுதான். நொறுங்கிய பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு உறுதியானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். புற்றுநோயாளிகளுடையதையும் கிருமித்தொற்று உள்ளவர்களுடையதையும் ஏற்பதே இல்லை. இதைவிடக் கனமான அச்சம் தொற்றைப் பற்றியது. அமெரிக்காவில் 1985-ல் இறந்த ஒருவரின் உறுப்புகளும் திசுக்களும் பலருக்குப் பொருத்தப்பட்டன, அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, பரிசோதனையில் அகப்படவில்லை. பின்னர் தேடிப்பிடித்துச் சோதித்த 41 பேரில் 7 பேருக்குத் தொற்று. அவர்களில் நால்வர் உறுப்பு பெற்றவர்கள், மூவர் பதப்படுத்தாமல் உறையவைத்த எலும்பைப் பெற்றவர்கள். மற்ற 34 பேரும் தப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தவை பதப்படுத்திய திசுக்கள். இந்தச் சம்பவத்தை எலும்பு வங்கிக்கு எதிராகச் சொல்வார்கள். எனக்கோ அது மூட்டு மாற்று நோயாளிகளிடமிருந்து வாங்குவதற்கான வாதமாகவே படுகிறது. ஆரம்பத் தொற்று அன்றைய சோதனையில் தப்பலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்தால் தப்புவது அரிது. இறந்தவரை மறுசோதனைக்குக் கூப்பிட முடியாது. மூட்டு மாற்றியவரோ எப்படியும் மருத்துவரைப் பார்க்க வருவார். அதுவரை எலும்பைக் கழித்தல் 80 டிகிரியில் பூட்டிவைக்கலாம், அல்லது கழுவி, உலர்த்தி, 25 கிலோகிரே காமா கதிரில் காட்டிச் சாதாரண அலமாரியிலேயே அடுக்கலாம்.

இன்னொரு பயம் வியாபாரம். பி.பி.சி.யில் அமெரிக்காவைப் பற்றிப் பல்லாண்டு பேசிய அலிஸ்டர் குக் 2004-ல் தம் 95-ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய எலும்பைக் குடும்பத்துக்குத் தெரியாமல் திருடி, வயதையும் நோயையும் மாற்றி எழுதி விற்ற கும்பல் அடுத்த ஆண்டே அம்பலமானது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011 திருத்தத்தில் திசுக்களையும் உள்ளே கொண்டுவந்தது. எலும்பை விற்பது குற்றம், வங்கிக்குப் பதிவு கட்டாயம். சட்டம் இருப்பதாலேயே களவு நின்றுவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவரின் வயதை மாற்றி எழுதுவது, பிணவறைப் பதிவேட்டைத் திருத்துவதுபோல் சுலபமல்ல. செயற்கைச் சுண்ணாம்புப் பீங்கானும் முப்பரிமாண அச்சும் வந்துவிட்டனவே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிறு குழிகளுக்கு அவை நன்றாகவே போதும், பெரிய குழியை அவற்றால் நிரப்பும்போது வரும் பில்லைப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம்.

திசு வங்கி இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988-லேயே தொடங்கியது. பெங்களூர் விக்டோரியா மருத்துவமனையில் 2016 முதல் தோல் வங்கி இருக்கிறது. தீக்காயம் பட்டவர்களுக்குத் தற்காலிகப் போர்வையாக, இறந்தவர்களின் மெல்லிய மேல்தோல் அங்கிருந்து கிடைக்கிறது. நடிகர் புனீத் ராஜ்குமார் 2021-ல் மறைந்தபோது நாராயண நேத்ராலயா மருத்துவர்கள் அவருடைய கருவிழிகளை அடுக்கு பிரித்து நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். கண் தானத்துக்கு அதன்பின் எழுந்த ஆர்வத்தை இந்த ஊரே பார்த்தது. கொடுக்க மனமில்லாத ஊரல்ல இது. எலும்பைப் பொறுத்தவரை யாரும் சாகவேண்டியதுகூட இல்லை. அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தில் ஒரு பத்தியும், ஆறு மாதம் கழித்து ஒரு குழாய் ரத்தமும் போதும். சிறிய மருத்துவமனைகள் தனித்தனியே உறைபெட்டி வாங்கிப் பதிவேடு பராமரிக்க முடியாது என்பது உண்மை. ரத்த வங்கி நடத்தாத மருத்துவமனைகளும் ரத்தம் ஏற்றத்தானே செய்கின்றன? பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் மைய வங்கி, மற்ற இடங்களிலிருந்து பந்தைச் சேகரித்துவர ஒரு வண்டி. பதப்படுத்தும் கூலியை ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகக் காப்பீட்டுத் தொகுப்பில் சேர்த்துவிட்டால், அந்தச் செலவை நோயாளி தலையில் கட்டாமல் வங்கியை நடத்தலாம்.